தவக்காலத்து எண்சண்டை

என் பகடைகளை எரித்தது என் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் எல்லாரும் அந்தத் துறவிதான் எரித்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். பாவம், அவர் நெருப்பை மூட்டியதோடு சரி.

வெளியூர்த் துறவி. ஆள் ஒல்லி. தொண்டை மட்டும் பெரிது. பேராலயச் சதுக்கத்தில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, சூது குடும்பத்தைக் கெடுக்கும், ஊரைக் கெடுக்கும், ஆன்மாவைக் கெடுக்கும் என்று முழங்கினார். அந்தப் பீப்பாய் நான் செய்தது. நான் செய்த பீப்பாய்மேல் நின்றுகொண்டே என் சாயங்காலங்களில் மண்ணைப் போட்டார். பிரசங்கம் முடிந்ததும் ஊர்ப் பெண்கள் வரிசையில் வந்து, கணவன்மாருடைய பகடை, சீட்டு, ஆட்டப் பலகை எல்லாவற்றையும் நெருப்பில் வீசினார்கள். வரிசையில் முதல் ஆள் யார் என்று எட்டிப் பார்த்தேன். குனிகுண்டா. என் குனிகுண்டா.

எங்கள் பாம்பெர்க் ஊரில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு உண்டு. பேராலயத்தில் துயில்கிற புனிதப் பேரரசியின் பெயர். என் மனைவிக்குப் பெயரில் மட்டும்தான் குனிவதெல்லாம். ஆளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் குனிகிற வேலை என்னுடையது.

நான் லியன்ஹார்ட். பீப்பாய் செய்கிறவன். ஆற்றங்கரையில் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் 'மூணு கெண்டை' என்கிற பீர்க்கடை. கடவுள் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமாக இடம் ஒதுக்க முடியாது.

பகடை எரிந்த மறுநாள் திருநீற்றுப் புதன், ஈஸ்டர் வரைக்குமான தவக்கால நோன்பு தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குப் பூசியது என் பகடையின் சாம்பல்தானோ என்று ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. தெருவின் நடுவில் அவள் நின்றாள்.

"என்னங்க, இப்பவே சொல்லி வெச்சிடறேன். இந்தத் தவக்காலம் முழுக்க, வெளக்கு வெச்சதுக்கப்புறம் நீங்க வீட்டுலதான் இருக்கப்போறீங்க."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"துறவி சூதுதானே கூடாதுன்னார். மூணு கெண்டை கூடாதுன்னு சொல்லலையே. கறி கூடாது, முட்டை கூடாது, வெண்ணெய் கூடாது. பீர் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லியிருக்கார்? குடிச்சா நோன்பு முறியாது. மடத்துல இருக்கறவங்களே குடிக்கறாங்க."

"மடத்துல இருக்கறவங்க பீப்பாய் செய்யறதில்ல. போன வருஷம் பேராலயத்து நிலவறையில உங்க பீப்பாய் ஒழுகுச்சே, ஞாபகம் இருக்கா? அன்செல்ம் சாமி முழங்கால் வரைக்கும் பீர்ல நின்னாரு."

"மரம் சரியில்ல."

"மரமா மூணு கெண்டையில உக்காந்து குடிச்சுது?"

சாம்பல் கண்ணில் விழுந்ததுபோல நடித்துக்கொண்டே நடந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த விஷயத்தில் எனக்கும் பயம்தான். பேராலயத்து நிலவறை அன்செல்ம் சாமியின் பொறுப்பு. வருஷா வருஷம் வசந்தத்தில் நிலவறைக்கு வேண்டிய பீப்பாய் அத்தனையும் ஒரே பட்டறைக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டு ரொட்டி அதில்தான் வேகிறது. இந்த வருஷம் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அக்கரைப் பீப்பாய்க்காரன் எர்லுங், சாமியைக் காணும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிக் கழற்றி, அவன் தலைமுடியே கொட்டிப்போயிருந்தது.

ஆனாலும் ஆண்பிள்ளை ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். வீட்டில் உட்காருவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வழி காட்டியது அதே பேராலயம். ஒரு தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன், குருக்கள் இருக்கும் கூடத்தை எட்டிப் பார்த்தேன். இரண்டு வயதான குருக்கள் ஒரு நீளப் பலகையின் இரு முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பலகை முழுக்கக் கட்டங்கள். கட்டங்களில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகக் காய்கள். ஒவ்வொரு காயிலும் ஒரு எண். பின்னால் நின்று புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் யார்? அதே ஒல்லித் துறவி.

வாசல் காவலாளியைப் பிடித்தேன். "ஏம்ப்பா, அதை எரிக்கலையா?"

"எதை? அதுவா? அது சூது இல்லப்பா. எண்சண்டை. ஞானிங்க ஆடறது. கணக்குப் படிப்பு. மனசு சுத்தமாகும்னு துறவியே சொல்றார்."

எனக்குள் மணி அடித்தது. அந்த ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். சின்ன வயதில் மூன்று குளிர்காலம் பேராலயப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அங்கே கணக்கு சொல்லிக்கொடுக்க அதைத்தான் விரித்துப் போடுவார்கள். விதிகள் எனக்கு மறந்துபோயிருக்கலாம். அதற்காக வாங்கின பிரம்படி முதுகுக்கு மறக்கவில்லை.

பட்டறையில் மரத்துக்கா பஞ்சம்? பீப்பாய் மூடிக்கு வைத்திருந்த ஓக் பலகையில் கட்டம் கீறினேன். மிச்சத் துண்டுகளில் காய்கள் செதுக்கினேன். ஒவ்வொரு காய்க்கும் ஒரு முகம் வெள்ளை, மறுமுகம் கறுப்பு, இரண்டிலும் அதே எண். இந்த ஆட்டத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும், காரணம் பின்னால் வரும். எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு, முகத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வைத்துக்கொண்டு குனிகுண்டா முன்னால் போய் நின்றேன்.

"நான் படிக்கப் போறேன்."

அவள் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. "என்ன படிக்கப் போறீங்க?"

"கணக்கு. எண்சண்டை. ஞானிங்க ஆடறது. துறவியே பார்த்துச் சந்தோஷப்பட்டார். தவக்காலத்துல ஆன்மாவைச் சுத்தம் பண்ணிக்கலாம்னு."

"யார்கூட?"

"டீட்ஸ்கூட."

"டீட்ஸா? அவனுக்கு அவன் பிள்ளைங்க எத்தனைன்னே எண்ணத் தெரியாது."

"அதான் படிக்கறான்."

"எங்க வெச்சுப் படிப்பீங்க?"

"மூணு கெண்டை மாடியில. அங்கதான் அமைதி."

கரண்டி நின்றது. பிறகு கரண்டி மறுபடி சுழன்றது.

"படிப்புன்னா போங்க. படிப்பை நான் தடுப்பேனா?"

இவ்வளவு சுலபமாக ஒரு கோட்டை விழுந்தால், கதவு ஏன் திறந்திருந்தது என்று புத்தியுள்ளவன் யோசிப்பான். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

டீட்ஸ் என் பக்கத்து வீட்டுக்காரன், உயிர் நண்பன். கயிறு திரிப்பது அவன் தொழில், இரண்டு அர்த்தத்திலும். மூணு கெண்டை மாடியில் பலகையை விரித்து, காய்களை அடுக்கி, அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். வட்டம் ஒரு கட்டம் போகும், முக்கோணம் இரண்டு என்று தொடங்கியதுமே அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"லியன்ஹார்ட்டு, நிறுத்துப்பா. எண்சண்டைன்னா எண் இருக்கட்டும். சண்டை எதுக்கு?"

"பின்னே எப்படி ஆடறது?"

"எல்லாத்தையும் பையில போடு. நீ ஒண்ணு எடு, நான் ஒண்ணு எடுக்கறேன். பெரிய எண் வந்தவன் ஜெயிச்சான். தோத்தவன் ஒரு குடுவை பீர் வாங்கணும்."

மகான் மகான்தான். அன்றிலிருந்து படிப்பு சூடுபிடித்தது. பைக்குள் கையை விட்டுத் துழாவும்போது பழைய பகடை உருளுகிற அதே சுகம். முந்நூற்று அறுபத்தொன்று என்று ஒரு சதுரக் காய் உண்டு, அது கைக்கு வந்தால் ராஜா. டீட்ஸுக்கு எப்போது பார்த்தாலும் இரண்டுதான் வரும். புகை மணக்கிற அந்தக் கறுப்பு பீரை அவன் செலவில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், வாசலிலேயே கேள்வி.

"இன்னிக்கு என்ன படிச்சீங்க?"

"பெரிய எண், சின்ன எண்."

"வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"வாசப்படி தெரியலையே," என்பாள், நான் தடுக்கி விழும்போது.

ஒரு நாள் காலையில் அவள் பாடிக்கொண்டே மாவு பிசைந்தாள். குனிகுண்டா பாடினால் யாருக்கோ கேடு. அந்த யாரோ வழக்கமாக நான்தான்.

"அன்செல்ம் சாமியைப் பார்த்தேன்," என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா, பீப்பாய் விஷயம் என்னாச்சுன்னு கேக்கத்தான். ஈஸ்டருக்கு மறுநாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாராம். வந்து பார்த்துட்டுத்தான் இந்த வருஷப் பீப்பாய் உங்களுக்கா எர்லுங்குக்கான்னு சொல்லுவாராம்."

"பார்த்துட்டா? என்னத்தைப் பார்க்கப் போறார்?"

"உங்க படிப்பைப் பத்தியும் சொன்னேன். எண்சண்டைல நீங்க எப்படித் தேறிட்டு வர்றீங்கன்னு. சாமி அப்படியே அசந்துட்டார்."

என் கையிலிருந்த ரொட்டி கூழில் விழுந்தது. சாமி வந்து பலகைக்கு முன்னால் உட்காரப் போகிறார். "ஆடுப்பா லியன்ஹார்ட்டு" என்று சொல்லப் போகிறார். நான் பையை நீட்டி, "கையை விட்டு ஒண்ணு எடுங்க சாமி" என்றா சொல்ல முடியும்? பீப்பாய் வேலை போவது ஒரு பக்கம். படிப்பு என்று சொல்லிச் சூதாடினவன் கழுத்தில் பெரிய மரப்பகடையைக் கட்டிச் சந்தையைச் சுற்றி நடக்கவைப்பது அந்த வருஷம் புதிதாக வந்திருந்த வழக்கம். அந்த மரப்பகடையைச் செய்து கொடுத்ததும் நான்தான். அதன் கனம் எனக்குத் தெரியும்.

ஓடிப்போய் டீட்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். "டீட்ஸ், நெசமாவே ஆடப் பழகணும்ப்பா. இன்னிலேருந்து விதிப்படி."

கதவு ஒரு விரற்கடை மட்டும் திறந்தது. "எனக்கு முதுகு வலிப்பா."

"நேத்துவரை நல்லாத்தானே இருந்தே?"

"இன்னிக்குத்தான் பிடிச்சுது. ஈஸ்டர் வரைக்கும் விடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டார்."

எந்த வைத்தியர் முதுகுவலிக்குத் திருநாள் பார்த்து நாள் குறிப்பார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் கேட்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

"யார்கூட ஆடிப் பழகறது?" என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

"நான் இல்லையா? காயை நகத்தத்தானே ஆள் வேணும்," என்றாள் குனிகுண்டா.

அன்று சாயங்காலம் கணப்படுப்புக்குப் பக்கத்தில் பலகையை விரித்தோம். அவள் ஒரு கையில் தக்கிளியை வைத்து நூல் நூற்றுக்கொண்டே மறு கையால் காயை நகர்த்தினாள். நான் பழைய பிரம்படிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த விதிகளையும் மீட்டேன்.

"இந்த நாலு இருக்கே, இதுக்கும் அந்த முப்பத்தாறுக்கும் நடுவுல ஒம்பது கட்டம் இருந்தா, நாலு அதைப் பிடிச்சிரும்."

"அவ்வளவு பெரிய ஆளை, இத்துனூண்டு நாலா?"

"நாலொம்பது முப்பத்தாறு. தூரத்தால பெருக்கணும்."

"அப்ப கிட்டவே போகாம, இருந்த எடத்துலேருந்தே ஒரு ஆளை மடக்கலாம்."

"ஆமா."

"நல்ல ஆட்டமாத்தான் இருக்கு. அப்புறம்?"

"நாலும் எட்டும் ரெண்டு பக்கத்துல வந்து நின்னா, நடுவுல இருக்கற பன்னெண்டு காலி. கூட்டினா சரியா வருதுல்ல."

"சின்னவங்க ரெண்டு பேர் கூடிக்கிட்டா பெரியவன் மாட்டினான். சரி. பெருக்கவும் வரல, கூட்டவும் வரலன்னா?"

"நாலு பக்கமும் வளைச்சுக்கணும். வழி இல்லாம நின்னா எந்த எண்ணா இருந்தாலும் போச்சு."

"நம்ம கல்யாணத்துல எங்க அண்ணனுங்க உங்களை வளைச்ச மாதிரி."

"அன்னிக்கு எனக்கு வழி இருந்துச்சு. நானாத்தான் நின்னேன்."

"ஓடினீங்க. கொல்லையில வேலி இருந்துச்சு. அதான் நின்னீங்க."

சொல்லிக்கொண்டே என் முப்பத்தாறைப் பிடித்துவிட்டாள். நான் கட்டங்களை விரல் வைத்து எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

"செத்துப்போச்சா இது?"

"சாகாது. இந்த ஆட்டத்துல யாரும் சாகறதில்ல. பிடிபட்ட காயைப் புரட்டிப் போடணும். அடியில உன் நிறம் இருக்கு பாரு. இனிமே அது உன் ஆள். உனக்காக என்கூடச் சண்டை போடும்."

"கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாம?"

"மரக்கட்டைக்கு என்ன கூச்சம்?"

"நம்ம தெருவுலயும் அந்த மாதிரி மரக்கட்டை இருக்கு," என்று டீட்ஸ் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் முப்பத்தாறு எனக்கு எதிராக நிற்பதைப் பார்த்த வேதனையில் இருந்தேன்.

"கடைசியா யார் ஜெயிப்பாங்க?"

"எதிராளியோட எல்லைக்குள்ள போய், உன் காய் மூணு பேர் இசைவா நிக்கணும். நாலு, ஆறு, எட்டு மாதிரி. ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வரணும். ஆனா ஒண்ணு, சும்மா நிறுத்திட்டு ஜெயிச்சேன்னு சொல்ல முடியாது. இன்னது செய்யப்போறேன்னு முன்கூட்டியே சத்தமாச் சொல்லணும். சொல்லாம ஜெயிச்சா செல்லாது."

"சொல்லிட்டா எதிராளி தடுத்துற மாட்டானா?"

"புத்தி இருந்தா தடுப்பான்."

அவள் சிரித்தாள். தக்கிளி கையிலிருந்து விழுந்து உருளும் அளவுக்குச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. விழுந்த தக்கிளியை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எல்லாச் சாயங்காலமும் அதே கணப்பு, அதே பலகை. முதலில் பயத்தில் ஆடினேன். பிறகு ரோஷத்தில் ஆடினேன். அப்புறம் என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை, விளக்கு வைக்கும் நேரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தேன். அவள் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். என் காய் மாட்டப்போகிறது என்றால் கண் முதலில் சிரிக்கும், வாய் பிறகுதான். இத்தனை வருஷம் இந்த முகத்தை வீட்டில் விட்டுவிட்டு, டீட்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று வருத்தமாகக்கூட இருந்தது. இதைத் தயவுசெய்து டீட்ஸிடம் சொல்லிவிடாதீர்கள்.

பகலில் பட்டறை வேலை தன்பாட்டில் நடந்தது. மனசெல்லாம் நாலு, ஆறு, எட்டு என்று ஓடிக்கொண்டிருந்தாலும் கை நடுங்கவில்லை, தலை இடிக்கவில்லை. பலகைகளைச் சீவி வளைத்து, வளையம் போட்டு இறுக்கினால், இடுக்கில் மயிரிழை நுழையாது. அதையெல்லாம் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. மூணு கெண்டை வழியாகப் போனபோது கடைக்காரன் வெளியே வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான். "படிப்பு," என்றேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஈஸ்டருக்கு மறுநாள் விடிந்தது. மேசையில் பன்றித்தொடை, சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள், கண்ணில் நீர் வரவழைக்கும் முள்ளங்கித் துருவல், ஆட்டுக்குட்டி வடிவத்தில் சுட்ட ரொட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் என் பலகை. காய்களுக்கு எண்ணெய் பூசிப் பளபளவென்று அடுக்கியிருந்தேன். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். சாமியை எந்த இடத்தில் மடக்குவது, எப்போது என் வெற்றியைச் சத்தமாக முன்னறிவிப்பது என்பதெல்லாம் மனப்பாடம்.

அன்செல்ம் சாமி வந்தார். உருண்டையான மனிதர். எனக்கு ஆசி கொடுத்தார். பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பட்டறைக்கு நடந்தார்.

"சாமி, பலகை இங்க இருக்கு," என்றேன் பின்னாலேயே ஓடிக்கொண்டு.

அவர் காதில் வாங்கவில்லை. ஒரு பீப்பாயைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அடுத்ததைத் தட்டினார். கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்து நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் விரலை விட்டுத் தடவி, விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்த விரல். அதையே ஒரு புனிதப் பொருளைப்போல என்னிடம் காட்டினார்.

"லியன்ஹார்ட்டு, இந்த வருஷமும் நீதான்."

எர்லுங்கின் மொட்டைத் தலை ஒரு கணம் கண்முன் வந்து போனது. சாமியின் கையை முத்தமிட்டேன். ஆனாலும் கல்யாணக் கோட்டு போட்டவன் ஆசை லேசில் விடுமா?

"சாப்பிட்டுட்டு ஒரு ஆட்டம் போடலாம் சாமி."

"என்ன ஆட்டம்?"

வீட்டுக்குள் கூட்டிவந்து காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஐயோ, இதுவா? பள்ளிக்கூடத்துல இதுக்காக வாங்கின அடி போதும்ப்பா. இன்னி வரைக்கும் தொட்டதில்ல. கறித்தட்டு வைக்க எடம் பத்தல பாரு, இதைக் கொஞ்சம் கீழ எடுத்து வெச்சிடேன்."

எடுத்து வைத்தேன். முந்நூற்று அறுபத்தொன்று நழுவி மேசைக்கடியில் போய்விட்டது.

சாமி பன்றித்தொடையை அறுத்துக்கொண்டே பேசினார். "உன் வீட்டுக்காரி வந்து கேட்டுக்கிட்டா. ஈஸ்டர் வரைக்கும் பொறுங்க சாமி, இனிமே சாயங்காலம் ஆள் குடிக்கப் போகமாட்டார், காலையில கை நடுங்காது, வந்து பீப்பாயைப் பாருங்க, ஒரு சொட்டு ஒழுகினாலும் எர்லுங்குக்கே குடுத்துடுங்கன்னா. அவன் படிப்பு படிக்கறான்னும் சொன்னா. பீப்பாய் செய்யறவன் படிக்கறானான்னு அசந்துட்டேன்."

நான் குனிகுண்டாவைப் பார்த்தேன். அவள் முள்ளங்கித் துருவலை எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

அந்த நேரம் பார்த்து டீட்ஸ் உள்ளே வந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. நேராக மேசைக்கு வந்து, "அண்ணி, நல்லா வாசனை வருது," என்று உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான்.

"முதுகுவலி?" என்றேன்.

"விட்டுருச்சுப்பா. ஈஸ்டர்ல." கண்ணை மட்டும் என்மேல் வைக்கவில்லை.

"டீட்ஸ், நாம பைக்குள்ள கைவிட்டு ஆடினதை இவகிட்டச் சொன்னது நீதானே?"

"நான் என்ன பண்ணுவேன், லியன்ஹார்ட்டு? அண்ணி கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடுவியா?"

குனிகுண்டா பதில் சொன்னாள். "அவனைத் திட்டாதீங்க. தவக்காலம் முதல் வாரத்துலயே அவன் வீட்டுப் புகைபோக்கியிலேருந்து பன்றி உப்புக்கண்டம் வாசனை வந்துச்சு. துறவி அப்ப இன்னும் ஊர்லதான் இருந்தார். துறவிகிட்டச் சொல்லட்டுமா, இல்ல நீ என்கிட்டச் சொல்றியான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

சாமி இருமினார். டீட்ஸ் தட்டில் ஆழ்ந்துபோனான்.

"பிடிபட்ட காய் சாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? புரட்டிப் போட்டேன்," என்றாள்.

என் வீட்டில், என் மேசையில், எனக்கு எதிராக மூன்று பேர். என் மனைவி, என் நண்பன், என் நிலவறைச் சாமி. மூன்று வாயும் ஒரே இசைவில் மென்றுகொண்டிருந்தன. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வேலை கிடைத்துவிட்டதே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, கொஞ்சம் சிரிப்பும் வந்து தொலைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. விதி தெரிந்தவன் நான்.

"செல்லாது," என்றேன். "முன்கூட்டியே சத்தமாச் சொல்லணும். சொல்லாம ஜெயிச்சா செல்லாது."

"திருநீற்றுப் புதன் அன்னிக்கு, நெத்தியில சாம்பலோட, நடுத்தெருவுல நின்னு சொன்னேனா இல்லையா? இந்தத் தவக்காலம் முழுக்க, வெளக்கு வெச்சதுக்கப்புறம் வீட்டுலதான் இருக்கப்போறீங்கன்னு."

நான் சாமியைப் பார்த்தேன். அவருக்குத்தான் விதி மறந்திருக்குமே என்று ஒரு நப்பாசை.

"சொல்லியிருந்தா செல்லும்ப்பா," என்றார் சாமி, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே. "அந்த விதிக்காகத்தான் நான் அதிகமா அடி வாங்கினேன்."

டீட்ஸ் தலையாட்டினான். அவனுக்கு என்ன விதி தெரியும்?

குனிகுண்டா என் தட்டில் பெரிய துண்டாக ஒன்றை வைத்தாள். முள்ளங்கியை அள்ளி வைத்தாள். குரலில் தேன்.

"அப்புறம், இன்னொண்ணும் இப்பவே சொல்லி வெச்சிடறேங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வர்றாங்க. அறுவடை வரைக்கும் நம்மகூடத்தான் இருப்பாங்க. மாடி அறை அவங்களுக்கு."

முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. சாட்சிகளும் இருந்தார்கள். தடுப்பதற்கு என் பக்கம் ஏதாவது ஒரு காய் மிச்சம் இருக்கிறதா என்று மேசையைச் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் சாமி, வலது பக்கம் டீட்ஸ், எதிரில் அவள், முதுகுக்குப் பின்னால் சுவர்.

சாப்பிட்டு முடித்ததும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி அறையைப் பெருக்கப் போனேன். குனிந்துதான்.